போதிய விழிப்புணர்வு இல்லை

பழைய ஹார்டு டிஸ்க்கைக் காலி செய்துகொண்டிருந்தபோது நான் எழுதிய முதல் கள ஆய்வு ரிப்போர்ட் கண்ணில் பட்டது. பேசாமல் தாண்டிப் போயிருக்கலாம், திறந்துவிட்டேன். நாற்பது பக்கம், அதில் பாதி அட்டவணை. கடைசிக்கு முந்தைய பக்கத்தில் "கண்டறிந்தவை" என்று தலைப்புப் போட்டு முதல் வரியாக நான் எழுதியிருப்பது, தமிழில் சொன்னால், இது: "இக்குடும்பங்களிடம் அரசு உதவித் திட்டங்கள் குறித்துப் போதிய விழிப்புணர்வு இல்லை." அடுத்த பக்கத்தில் பரிந்துரைகள். என்ன இருக்கும் என்று நீங்களே சொல்லிவிடுவீர்கள். விழிப்புணர்வு முகாம் நடத்தலாம், துண்டுப் பிரசுரம் கொடுக்கலாம்.

சமூகப்பணி படித்தவர்களில் இந்த வரியை எழுதாதவர் கிடையாது. எம்.எஸ்.டபிள்யூ புராஜெக்ட் ரிப்போர்ட் எதை எடுத்துப் பார்த்தாலும் இருக்கும். தடுப்பூசி போடவில்லையா, விழிப்புணர்வு இல்லை. பிள்ளை பள்ளிக்கூடத்தை விட்டு நின்றுவிட்டதா, பெற்றோரிடம் விழிப்புணர்வு இல்லை. இந்த வரியில் பெரிய வசதி என்னவென்றால் யாரும் கோபித்துக்கொள்ள மாட்டார்கள். அலுவலகத்தின் மேல் பழி இல்லை, சட்டத்தின் மேல் இல்லை, ஆய்வுக்குப் பணம் கொடுத்தவர் மேல் நிச்சயமாக இல்லை. பழி முழுக்க அந்த மக்கள் மேல்தான், அதுவும் "பாவம், அவங்களுக்கு என்ன தெரியும்" என்ற இரக்கத்தோடு.

இத்தனை வருடம் கழித்து அந்த வரியைப் படிக்கும்போது எனக்குக் கூச்சமாக இருக்கிறது. ஏன் என்று சொல்ல வேண்டுமென்றால் ஒரு வீட்டிலிருந்து ஆரம்பிக்க வேண்டும்.

அமெரிக்காவுக்கு வந்து சில வருடங்களான குடும்பம் அது. (அடையாளம் தெரியக்கூடிய விவரங்களை விட்டுவிட்டேன், சிலவற்றை மாற்றியும் இருக்கிறேன்.) அப்பாவுக்கு இரவு வேலை, அம்மாவுக்குப் பகலில் வீடுகளைச் சுத்தம் செய்கிற வேலை, மூன்று பிள்ளைகள், கடைக்குட்டி மட்டும் அமெரிக்காவில் பிறந்தது. அந்த அம்மாவுக்கும் எனக்கும் பொதுவான மொழி கிடையாது. ஏற்பாடு செய்திருந்த மொழிபெயர்ப்பாளர் அன்றைக்கு வரவில்லை. இன்னொரு நாள் வருகிறேன் என்று நான் எழுந்திருக்க வேண்டும். ஆனால் அந்த வாரத்துக்குள் இத்தனை நேர்காணல் முடித்தாக வேண்டும் என்று கணக்கு இருந்தது, மூத்த பெண் வேறு "நான் சொல்றேன்" என்று தானாக வந்து உட்கார்ந்தாள், நானும் உட்கார்ந்துவிட்டேன். அவளுக்கு வயது 12.

கேள்வித்தாளில் மனநலம் பற்றி ஒரு பகுதி உண்டு. கடந்த இரண்டு வாரத்தில் எதிலுமே நாட்டமில்லாமல் எத்தனை நாள் இருந்தீர்கள், உங்களைப் பற்றியே மோசமாக எத்தனை நாள் நினைத்தீர்கள், இந்த மாதிரி. அந்தப் பெண் என்னைப் பார்த்தாள், அம்மாவைப் பார்த்தாள், மூன்றே மூன்று வார்த்தை சொன்னாள். அம்மா சிரித்தார். "ஒண்ணும் இல்லையாம்" என்றாள். நான் பூஜ்யம் என்று குறித்துக்கொண்டேன். ஒன்பது கேள்விக்கும் பூஜ்யம். அவள் என்ன கேட்டாள் என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. தன் அம்மாவிடம் அதைக் கேட்க அவளுக்கு வாய் வந்திருக்காது என்பது மட்டும் இப்போது தெரிகிறது.

பிறகு "அரசு உதவிகள்" பகுதி. அந்த அம்மா உள்ளே போய் ஒரு பெரிய பிளாஸ்டிக் உறையைக் கொண்டுவந்து தரையில் பரப்பினார். பிறப்புச் சான்றிதழ், சம்பளச் சீட்டு, வாடகை ஒப்பந்தம், தடுப்பூசி அட்டை, ஃபுட் ஸ்டாம்ப் என்று இன்னமும் எல்லோரும் சொல்கிற ஸ்நாப் என்ற உணவு உதவித் திட்டத்தின் விண்ணப்பம், ஏழைகளுக்கான அரசு மருத்துவக் காப்பீடான மெடிகெய்ட்டின் கடிதங்கள், எல்லாம் தேதிவாரியாக. எந்தத் திட்டம் யாருக்கு உண்டு, எந்தப் பிள்ளைக்குக் கிடையாது என்று மகள் வழியாக எனக்கு வகுப்பே எடுத்தார். என் பயிற்சிக் கையேட்டில் இல்லாத இரண்டு விஷயம் அவருக்குத் தெரிந்திருந்தது. கடைசியாக ஒரு கடிதத்தை எடுத்து நீட்டி ஏதோ கேட்டார். "இதுல என்ன போட்டிருக்குன்னு அம்மா கேக்கறாங்க, எனக்கு இந்த இங்கிலீஷ் புரியலை" என்றாள் பெண். நான் ஆய்வுக்காக வந்தவன், இதில் தலையிடக் கூடாது என்று விளக்கிவிட்டு, எங்கள் ஆய்வுக்குழு அச்சடித்துக் கொடுத்திருந்த ஹெல்ப்லைன் எண்கள் தாளைக் கொடுத்துவிட்டு வந்தேன். அப்படித்தான் எனக்குச் சொல்லிக்கொடுத்திருந்தார்கள்.

அதற்கப்புறம் போய் எழுதியதுதான் அந்த வரி.

சரி, விழிப்புணர்வு இல்லை என்பது பொய்யா? பொய் என்று சொன்னால் அதுவும் இன்னொரு சோம்பேறி வரி. தெரியாமல் விடுகிறவர்கள் இருக்கிறார்கள். ஆனால் தெரிவித்தால் மட்டும் போதுமா என்பதை ஊகிக்க வேண்டியதில்லை, ஏற்கனவே சோதித்துப் பார்த்திருக்கிறார்கள். எனக்குப் பிடித்த சோதனை 2012இல் எரிக் பெட்டிங்கர், பிரிட்ஜெட் டெரி லாங் உள்ளிட்ட நால்வர் வெளியிட்டது. அமெரிக்காவில் கல்லூரி உதவித்தொகை வேண்டுமென்றால் ஃபாஃப்சா என்று ஒரு படிவம் நிரப்ப வேண்டும். நூறு கேள்விக்கு மேல் இருந்த படிவம் அது, வருமான வரிப் படிவத்தையே சாதுவாக்கிவிடும். இவர்கள் என்ன செய்தார்கள் என்றால், குறைந்த வருமானக் குடும்பங்கள் வரி தாக்கல் செய்ய ஹெச் அண்ட் ஆர் பிளாக் கடைக்கு வருமல்லவா, வந்தவர்களைக் குலுக்கல் முறையில் பிரித்து, ஒரு பிரிவினருக்கு அங்கேயே உட்கார்ந்த இடத்தில் படிவத்தையும் நிரப்பிக் கொடுத்தார்கள். வரிக் கணக்கில் ஏற்கனவே இருக்கிற விவரம்தானே, பத்து நிமிடம்கூட ஆகவில்லை. இன்னொரு பிரிவினருக்கு உங்கள் பிள்ளைக்கு இவ்வளவு உதவி கிடைக்கக்கூடும் என்று கணக்குப் போட்டுக் காட்டிவிட்டு, படிவத்தை நீங்களே நிரப்பிக்கொள்ளுங்கள் என்று விட்டுவிட்டார்கள். படிவம் நிரப்பிக் கொடுக்கப்பட்ட வீடுகளில் பள்ளியிறுதி வகுப்புப் பிள்ளைகள் கல்லூரியில் இரண்டு வருடம் முடிப்பது 28 சதவீதத்திலிருந்து 36 சதவீதமானது. வெறும் தகவல் மட்டும் கிடைத்த வீடுகளில் ஒரு மாற்றமும் இல்லை.

தகவல் கொடுத்தார்கள், அதுவும் துண்டுப் பிரசுரம் மாதிரிப் பொத்தாம் பொதுவாக இல்லை, அந்தக் குடும்பத்துக்கென்றே கணக்குப் போட்டு. ஒன்றும் நடக்கவில்லை! இதை முதன்முதலில் படித்தபோது என் பரிந்துரைப் பக்கம்தான் ஞாபகம் வந்தது.

எதிர்ப்பக்கத்தையும் சொல்லிவிடுகிறேன். ஏமி ஃபிங்கெல்ஸ்டீனும் மாத்யூ நொடோவிடிக்டோவும் பென்சில்வேனியாவில் ஸ்நாப் கிடைக்கத் தகுதியிருந்தும் வாங்காமல் இருந்த முதியவர்கள் 30,000 பேரிடம் செய்த சோதனையில் தகவலுக்கும் கொஞ்சம் பலன் இருந்தது. ஒன்றுமே செய்யாமல் விட்டவர்களில் 6 சதவீதம் பேர் சேர்ந்தார்கள், உங்களுக்குத் தகுதி இருக்கிறது என்று சொல்லப்பட்டவர்களில் 11, சொன்னதோடு விண்ணப்பிக்கவும் உதவுகிறோம் என்று அழைக்கப்பட்டவர்களில் 18. ஆக, தெரியாததும் ஒரு காரணம்தான். ஆனால் உதவிக்கு ஆள் தயாராக இருந்தும் பத்தில் எட்டுப் பேர் சேரவில்லை என்பதையும் சேர்த்தே பார்க்க வேண்டும். எதற்கும் ஒரே காரணம் இருப்பதில்லை, எங்கள் ரிப்போர்ட்டுகளில் தவிர.

பமேலா ஹெர்டு, டொனால்ட் மொய்னிஹன் என்ற ஆய்வாளர்கள் இருவர், அரசு உதவி கேட்டுப் போகிறவர் தலையில் ஏறும் சுமையை மூன்றாகப் பிரிக்கிறார்கள். என்ன இருக்கிறது என்று தெரிந்துகொள்ள ஆகிற செலவு, கேட்டதையெல்லாம் கொண்டுபோய்க் கொடுக்க ஆகிற செலவு, அப்படிக் கேட்டு நிற்பதில் மனசுக்கு ஆகிற செலவு. விழிப்புணர்வு என்று நாம் சொல்வது இதில் முதலாவதின் ஒரு துண்டு, அவ்வளவுதான். இரண்டாவது எவ்வளவு பெரியது என்பதற்கு 2023இல் நடந்ததைப் பார்த்தால் போதும். கோவிட் காலத்தில் மெடிகெய்ட் மருத்துவக் காப்பீட்டிலிருந்து யாரையும் நீக்கக் கூடாது என்று இருந்த ஏற்பாடு அந்த வருடம் மார்ச் 31உடன் முடிந்தது. எல்லோரும் மறுபடி புதுப்பிக்க வேண்டும். அடுத்த ஒன்றரை வருடத்துக்குள் 2 கோடிக்கும் மேற்பட்டவர்கள் பட்டியலிலிருந்து விழுந்தார்கள். அவர்களில் மூன்றில் இரண்டு பங்குக்கு மேல், தகுதி இல்லை என்று விசாரித்து முடிவு செய்து நீக்கப்பட்டவர்கள் அல்ல. படிவம் வரவில்லை, கெடு தாண்டிவிட்டது, கடிதம் பழைய முகவரிக்குப் போய்விட்டது என்ற நடைமுறைக் காரணங்களால் விழுந்தவர்கள். அத்தனை பேரும் ஏற்கனவே அந்தத் திட்டத்துக்குள் இருந்தவர்கள். மெடிகெய்ட் என்று ஒன்று இருப்பது அவர்களுக்குத் தெரியாதா என்ன?

இதுவரை சொன்னது ஏழைக் குடும்பம் எதற்கும் பொருந்தும். குடியேறி வந்த குடும்பம் என்றால் மேலே இன்னொன்று ஏறிக்கொள்கிறது, பயம். அதற்குப் பின்னால் சட்டம் இருக்கிறது.

அரசு உதவியை நம்பி வாழ்ந்து பொதுச் சுமையாக ஆகக்கூடியவர் என்று பட்டால் ஒருவரை நாட்டுக்குள் விடாமல் தடுக்கலாம் என்று அமெரிக்கா 1882லேயே சட்டத்தில் எழுதிவைத்திருக்கிறது. பப்ளிக் சார்ஜ் என்பார்கள். 1996இல் கிளிண்டன் கையெழுத்திட்ட நலத்திட்டச் சீர்திருத்தச் சட்டம், கிரீன் கார்டு வாங்கியவர்களில் பெரும்பாலானோருக்கு முதல் ஐந்து வருடம் பல மத்தியத் திட்டங்களை மூடியது. சுவாரசியம் என்று சொல்லக் கூடாது, இருந்தாலும் ஆய்வாளர்களுக்குச் சுவாரசியமாக இருந்தது அதற்குப் பிறகு நடந்ததுதான். சட்டம் யாரைத் தொடவே இல்லையோ அவர்களும் விலகினார்கள். அகதிகளுக்குத் தடை இல்லை, அமெரிக்காவில் பிறந்த பிள்ளைகளுக்குத் தடை இல்லை, அவர்கள் எண்ணிக்கையும் சரிந்தது. 2018 அக்டோபரில் பப்ளிக் சார்ஜ் விதியைக் கடுமையாக்கப்போகிறோம் என்று அரசு ஒரு முன்மொழிவை வெளியிட்டது. அது அமலுக்கு வந்தது 2020 பிப்ரவரியில், கைவிடப்பட்டது 2021 மார்ச்சில். ஆனால் 2018 டிசம்பரிலேயே, விதி வெறும் காகிதமாக இருந்தபோதே, அர்பன் இன்ஸ்டிட்யூட் என்ற ஆய்வு நிறுவனம் நடத்திய கணக்கெடுப்பில் குடியேறிய குடும்பங்களைச் சேர்ந்த பெரியவர்களில் ஏழில் ஒருவர், தானோ வீட்டில் இன்னொருவரோ கிரீன் கார்டு பாதிக்கும் என்று பயந்து ஏதோ ஒரு உதவியைத் தவிர்த்ததாகச் சொல்லியிருக்கிறார். குறைந்த வருமானக் குடும்பங்களில் ஐந்தில் ஒருவர். அந்த விதியின்படியே பார்த்தாலும் குடியுரிமை உள்ள பிள்ளை வாங்கும் உதவி பெற்றோர் கணக்கில் சேராது.

இங்கே கவனித்தால், இவர்களிடம் இருப்பது விழிப்புணர்வுக் குறைவு இல்லை, விழிப்பு அதிகம். செய்தி பார்க்கிறார்கள், தெரிந்தவர் வழக்கில் என்ன ஆனது என்று விசாரிக்கிறார்கள், எங்கே கையெழுத்துப் போடக் கூடாது என்று பேசிவைத்திருக்கிறார்கள். விதி ஒரு ஆட்சிக்கு ஒரு மாதிரி மாறுகிற நாட்டில், இன்றைக்குப் பிரச்சினை இல்லை என்று நான் துண்டுப் பிரசுரத்தில் போடுகிற வாக்கியத்துக்கு ஆயுள் எவ்வளவு என்று அவர்கள் கேட்டால் என்னிடம் பதில் கிடையாது. ஒதுங்கி இருப்பதுதான் அவர்கள் போட்ட கணக்கு. அந்தக் கணக்கு சில சமயம் தப்பு, பிள்ளைக்குக் கிடைக்க வேண்டியது கிடைக்காமல் போகிறது, அதெல்லாம் உண்மை. ஆனாலும் அது கணக்குதான், அறியாமை இல்லை.

சரி, இவ்வளவு படிவமும் பயமும் இல்லாமல் நேராகக் காசு கொடுத்தால் என்ன ஆகும்? வட கரோலினாவின் மேற்கு மலைப்பகுதியில் ஜேன் காஸ்டெல்லோ என்ற ஆய்வாளர் 1993இல் 1,420 பிள்ளைகளின் மனநலத்தைத் தொடர்ந்து கவனிக்க ஆரம்பித்தார். ஆய்வு பாதியில் போய்க்கொண்டிருக்கும்போது அங்கிருந்த செரோகி பழங்குடியினர் நிலத்தில் ஒரு சூதாட்ட விடுதி திறக்கப்பட்டு, லாபத்தில் ஒரு பங்கு ஆறு மாதத்துக்கு ஒருமுறை அந்த இனத்தார் ஒவ்வொருவருக்கும் வந்தது. ஒரு நிபந்தனையும் இல்லை, விசாரிக்க எந்த நலத்துறை ஊழியரும் வீட்டுக்கு வரவில்லை. திட்டமிட்டுச் செய்ய முடியாத ஒரு சோதனை தானாக வந்து மடியில் விழுந்த மாதிரி. வறுமைக் கோட்டைத் தாண்டிய குடும்பங்களின் பிள்ளைகளிடம் முரட்டுத்தனம், எதிர்த்து நிற்பது போன்ற நடத்தைச் சிக்கல்கள், ஏழ்மையே அறியாத பிள்ளைகளின் அளவுக்கு இறங்கிவிட்டன. 2003இல் வெளியானது. மனச்சோர்வும் பதற்றமும் அப்படி இறங்கவில்லை, அதையும் அவர்களே எழுதியிருக்கிறார்கள். காரணம் தேடியபோது கிடைத்தது, பெற்றோர் பிள்ளையைக் கவனிக்க நேரம் கிடைத்தது என்பதுதான். யாரும் அவர்களுக்குப் பிள்ளை வளர்ப்புப் பயிற்சி கொடுக்கவில்லை. எத்தனை பிள்ளை வளர்ப்புப் பயிற்சி முகாம்களுக்கு நான் நாற்காலி போட்டிருக்கிறேன் என்று எண்ணிப் பார்க்கப் பயமாக இருக்கிறது.

நம் பக்கத்துச் சான்று ஒன்றும் உண்டு, இந்தத் துறையில் உலகம் முழுக்க மேற்கோள் காட்டப்படுவது. 2013இல் சயின்ஸ் இதழில் வந்தது. விழுப்புரம், திருவண்ணாமலை மாவட்டங்களில் 54 கிராமங்களைச் சேர்ந்த 464 கரும்பு விவசாயிகளிடம், அறுவடைக்கு முன்பு கையில் காசில்லாதபோதும் அறுவடை முடிந்து காசு வந்த பிறகும் ஒரே மாதிரிப் புதிர்களைக் கொடுத்துப் பார்த்தார்கள். ஆள் அதே ஆள்தான். காசு வந்த பிறகு நன்றாகப் போட்டார். எழுதியவர்களில் ஒருவரான செந்தில் முல்லைநாதன் தமிழர். கடன்காரன் எப்போது வருவான் என்ற யோசனையே மூளையில் இடத்தை அடைத்துக்கொண்டால் மற்றதற்கு எங்கே இடம் என்பதுதான் வாதம். இந்த வகை ஆய்வுகள் சிலவற்றை மற்றவர்கள் திரும்பச் செய்து பார்த்தபோது அதே முடிவு வரவில்லை, ஆகையால் இதை வேதவாக்காக எடுத்துக்கொள்ள வேண்டாம். ஆனால் "அவருக்குப் புரியவில்லை" என்று எழுதுமுன் அவரை மாதத்தின் எந்தத் தேதியில் போய்ப் பார்த்தோம் என்றாவது கேட்டுக்கொள்ளலாம் இல்லையா.

காசு கொடுத்தால் எல்லாம் சரியாகிவிடும் என்றும் நான் சொல்லவில்லை. 2018இல் தொடங்கிய பேபிஸ் ஃபர்ஸ்ட் இயர்ஸ் என்ற ஆய்வில் நியூயார்க், நியூ ஆர்லியன்ஸ், ஒமாஹா, மினியாபொலிஸ்–செயின்ட் பால் பகுதிகளைச் சேர்ந்த 1,000 ஏழைத் தாய்மார்களைப் பிரசவம் முடிந்த கையோடு சேர்த்து, ஒரு பிரிவினருக்கு மாதம் 333 டாலரும் மற்றவர்களுக்கு 20 டாலரும் சில வருடங்கள் கொடுத்தார்கள். குழந்தைகளுக்கு ஒரு வயதில் மூளை அலைகளில் வித்தியாசம் தெரிந்தது என்று 2022இல் பெரிய செய்தியானது. நான்கு வயதுச் சோதனையில் மொழி, நடத்தை எதிலும் இரண்டு பிரிவுக்கும் குறிப்பிடத்தக்க வித்தியாசம் இல்லை என்று 2025இல் சொன்னார்கள். அந்தச் செய்தி வந்த அன்றைக்கு எங்கள் வட்டத்தில் பாதிப் பேர் துக்கம் விசாரிக்கிற மாதிரிப் பேசினார்கள். நடுவில் கோவிட் வந்தது, இரண்டு பிரிவுக்குமே அரசு நிவாரணம் போனது என்று விளக்கங்கள் உண்டு, அவற்றில் நியாயமும் இருக்கலாம். எனக்கென்னவோ, மாதம் 333 டாலர் கொடுத்துவிட்டுக் குழந்தையின் மூளையைப் போய் அளப்பதே கொஞ்சம் அதிகப்படியாகத் தோன்றுகிறது. அந்தப் பணத்தைத் தாய்மார்கள் மதுவுக்கும் சிகரெட்டுக்கும் விட்டார்களா என்று பார்த்தார்கள், விடவில்லை, பிள்ளைக்கான சாமான்களுக்குத்தான் கூடுதலாகச் செலவாகியிருந்தது. அது செய்தியாகவில்லை. 2021இல் குழந்தை வரிச்சலுகையைப் பெரிதாக்கி, கடைசி ஆறு மாதம் மாதாமாதம் வங்கிக் கணக்கில் போட்ட அந்த ஒரு வருடம், அமெரிக்காவின் துணை வறுமை அளவீட்டின்படி குழந்தை வறுமை 5.2 சதவீதத்துக்கு இறங்கியது. நிறுத்தினார்கள், அடுத்த வருடமே 12.4. இதற்கு மூளை ஸ்கேன் வேண்டாம்.

பிள்ளைகளைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும், அந்த 12 வயதுப் பெண் மனதிலிருந்து போக மாட்டேன் என்கிறாள். அலெஹாண்ட்ரோ போர்ட்டஸும் ரூபன் ரும்பாட்டும் 1992இல் மயாமி பகுதியிலும் சான் டியேகோவிலும் குடியேறியவர்களின் பிள்ளைகள் 5,262 பேரைப் பள்ளிப் பருவத்தில் பிடித்துப் பத்து வருடத்துக்கு மேல் தொடர்ந்தார்கள். பிள்ளை புதிய மொழியை வேகமாகப் பிடித்துக்கொண்டு முன்னால் ஓட, பெற்றோர் பின்தங்கி நிற்கும் வீடுகளில், வீட்டின் அதிகாரம் தலைகீழாகிறது என்பது அவர்கள் சொன்னவற்றில் முக்கியமானது. வங்கிக்குப் போனாலும் ஆஸ்பத்திரிக்குப் போனாலும் பிள்ளைதான் வாய். பள்ளியில் டீச்சர் தன்னைப் பற்றிச் சொல்லும் புகாரையும் அதே பிள்ளைதான் அம்மாவுக்கு மொழிபெயர்க்க வேண்டும், என்ன மொழிபெயர்ப்பு வரும் என்று யோசித்துக்கொள்ளுங்கள்! தாய்மொழியையும் விடாமல் இரண்டிலும் தேறிய பிள்ளைகள் வீட்டோடு ஒட்டி இருந்தார்கள், படிப்பிலும் மோசமில்லை. மொழிபெயர்ப்பது பிள்ளைக்குக் கெடுதல் என்று மொத்தமாகச் சொல்லிவிட முடியாது, பெருமையாக எடுத்துக்கொள்ளும் பிள்ளைகள் உண்டு, பின்னால் வந்த ஆய்வுகளும் கலவையாகத்தான் இருக்கின்றன. ஆனால் அம்மாவின் மனச்சோர்வை மொழிபெயர்ப்பது வேறு. மருத்துவ இடங்களில் அவசரத்துக்கு அன்றி சிறுபிள்ளைகளை மொழிபெயர்ப்பாளராக நம்பக் கூடாது என்று 2016இல் அமெரிக்க அரசு விதியாகவே போட்டது. என் கேள்வித்தாள் ஆஸ்பத்திரி இல்லை என்பதால் எனக்கு அந்த விதி பொருந்தாமல் போயிருக்கலாம், அதனால் ஒன்றும் நிம்மதி இல்லை.

இந்தத் துறைக்கு ஆதிகாலத்திலேயே சிகாகோவில் ஒரு பாடம் கிடைத்தது. 1889இல் ஜேன் ஆடம்ஸும் எல்லன் கேட்ஸ் ஸ்டாரும் குடியேறிகள் நெருக்கியடித்து வாழ்ந்த பகுதியில் ஹல் ஹவுஸ் என்ற வீட்டைத் தொடங்கினார்கள். போய்வந்து ஆய்வு செய்யவில்லை, அங்கேயே குடியிருந்தார்கள். 1895இல் எந்த வீட்டில் எந்த நாட்டவர், வாரச் சம்பளம் எவ்வளவு என்று வீடுவீடாக வண்ணம் தீட்டிய வரைபடங்களையும் வெளியிட்டார்கள், இன்றைக்குப் பார்த்தாலும் பிரமிப்பாக இருக்கிறது. அப்படிப்பட்டவர்களே ஒருமுறை சறுக்கினார்கள். அக்கம்பக்கத்துப் பெண்கள் ஆலை வேலையால் சமைக்க நேரமில்லாமல் சத்தில்லாததைச் சாப்பிடுகிறார்கள் என்று ஆராய்ந்து கண்டுபிடித்து, விஞ்ஞான முறைப்படி சத்துக் கணக்கிட்டுச் சமைத்து விற்க ஒரு சமையற்கூடம் திறந்தார்கள். எதிர்பார்த்த அளவுக்குக் கூட்டம் வரவில்லை. அது சத்தானதுதான், ஆனால் எனக்குப் பிடித்ததைச் சாப்பிடத்தான் எனக்குப் பிடிக்கும் என்று ஒரு பெண் சொன்னதை ஆடம்ஸே பின்னாளில் மறைக்காமல் எழுதிவைத்தார். என் காலத்து ஆய்வாளராக இருந்திருந்தால் அந்தப் பெண்ணுக்கு ஊட்டச்சத்து விழிப்புணர்வு இல்லை என்று முடித்திருப்பார்.

இப்போது நான் இளையவர்களின் கேள்வித்தாள்களைச் சரிபார்க்கும் வேலையில் இருக்கிறேன். மொழிபெயர்ப்பாளர் வராவிட்டால் நேர்காணல் கிடையாது என்று எழுதிவைத்திருக்கிறோம், அதனால் எண்ணிக்கை குறைந்து திட்டுகூட வாங்கியிருக்கிறோம். வீட்டில் யாராவது கடிதம் நீட்டினால் படித்துச் சொல்லலாம், என்ன கடிதம், என்ன சொன்னோம் என்று குறித்துக்கொள்ள வேண்டும் என்பதையும் நெறிமுறைக் குழுவிடம் பேசி அனுமதி வாங்கினோம். உதவி செய்துவிட்டால் முடிவு மாறிவிடாதா என்று ஒரு பேராசிரியர் கேட்டார். நியாயமான கேள்விதான். மாறும், அதையும் எழுதுவோம் என்றேன். அவருக்கு அவ்வளவாகத் திருப்தி இல்லை. நிதி கொடுப்பவர்கள் படிக்கிற சுருக்கத்தில் மட்டும் இன்னும் யாராவது ஒரு பையனோ பெண்ணோ "போதிய விழிப்புணர்வு இல்லை" என்று எழுதிக்கொண்டு வருகிறார்கள். எதை வைத்து எழுதினாய் என்று கேட்பேன். பெரும்பாலும் தலையைச் சொறிவார்கள், நானும் அந்த வயதில் அதைத்தான் செய்திருப்பேன்.

அந்த ஹார்டு டிஸ்க்கில் ரிப்போர்ட்டோடு களக் குறிப்புகளும் இருந்தன. அந்த வீட்டுக்கான பக்கத்தைத் தேடி எடுத்தேன். நேர்காணல் 50 நிமிடம், பதில் சொன்னவர் ஒத்துழைத்தார், மொழி உதவி: மகள். கீழே என் கையெழுத்தை ஸ்கேன் செய்த துண்டு: "மெடிகெய்ட் புதுப்பித்தல் கடிதம் போலத் தெரிகிறது. படித்துச் சொல்லக் கேட்டார். ஹெல்ப்லைன் தாள் கொடுத்தேன்." நாலு மாதம் கழித்துத் தொலைபேசியில் செய்த இரண்டாம் சுற்றில், அதே வீட்டின் வரிசையில், கடைக்குட்டியின் காப்பீடு பற்றிய கட்டத்தில் நான் நிரப்பியிருப்பது: "இல்லை. புதுப்பிக்கவில்லை." காரணம் என்ற கட்டத்தில் ஒரு குறியீட்டு எண். எண்ணுக்கு என்ன அர்த்தம் என்று பட்டியலில் பார்த்தேன். 3: தெரியாது.